வெள்ளைச் சதத்தின் கதை

அமெரிக்காவுக்கு வந்து கடைகளில் இரவு வேலைக்கு நிற்கும் எங்களிற் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். யாராவது வெள்ளை நிறச் சதக்குற்றி ஒன்றைக் காட்டி, "இது எங்கும் கிடைக்காத காசு, அவசரத்துக்கு 50 டொலருக்குத் தருகிறேன்" என்பார். 50 டொலர் எங்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு. ஆனாலும் மனம் சபலப்படத்தான் செய்யும்.

அப்படி ஓர் அரிய வெள்ளைச் சதம் இருப்பது உண்மைதான். புதுக் காசைப் புழக்கத்தில் விடுமுன் நாணயச்சாலையில் மாதிரி அடித்துப் பார்ப்பார்கள். சிலவேளை வேறு உலோகத்திலும் அடிப்பதுண்டு. 1877இல் 50 டொலர் பொற்காசுக்கென்று செய்த அச்சைக் கொண்டு செம்பிலும் அடித்தார்கள். அந்தப் பொற்காசு கடைசிவரை புழக்கத்துக்கு வரவேயில்லை.

1973இல் செம்பு விலை ஏறியபோது, ஒரு சதத்திலுள்ள செம்பே ஒரு சதத்துக்கு மேல் பெறுமதியாகிவிடுமோ என்ற பயம் வந்தது. 1974 என்று ஆண்டு பொறித்து, அலுமினியத்தில் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட சதங்களை அடித்தார்கள். சிலவற்றைக் கொங்கிரஸ் உறுப்பினர்களின் பார்வைக்கும் கொடுத்தார்கள். காசு போட்டுப் பொருள் எடுக்கும் இயந்திரக்காரர் எதிர்த்தார்கள். வைத்தியர்கள் சொன்ன காரணந்தான் பிள்ளைகுட்டிக்காரராகிய எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது: குழந்தை விழுங்கிவிட்டால் அலுமினியம் எக்ஸ்ரே படத்தில் இலகுவில் தெரியாது. பிறகு செம்பு விலையும் இறங்க, திட்டத்தைக் கைவிட்டுக் காசுகளை உருக்கிவிட்டார்கள். பார்க்கக் கொடுத்தவற்றில் சில திரும்பி வரவேயில்லை. டென்வரில் அடித்த ஒன்று, அங்கு வேலைபார்த்த அதிகாரியின் மகன் மூலம் வெளியே வந்து 2014இல் ஏலத்துக்குப் போக இருந்தது. அது தன் சொத்து என்று வாதாடிய அரசாங்கம் 2016இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே உண்மையானதே கிடைத்தாலும் விற்றுக் காசாக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் 1943ஆம் ஆண்டுச் சதம். யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய உருக்கில் நூறு கோடிக்கு மேல் அடித்தார்கள். தேய்ந்த ஒன்றுக்கு ஒரு டொலர் கிடைப்பதே அரிது. அதில் காந்தம் ஒட்டும். வழமையான சதத்துக்கு வெள்ளை முலாம் பூசியும் ஏமாற்றுவார்கள். அதில் காந்தம் ஒட்டாது, ஆனால் பாரம் காட்டிக் கொடுத்துவிடும்; அலுமினியச் சதம் பழைய செம்புச் சதத்தின் மூன்றிலொரு பங்கு பாரம்கூட இராது.

குளிர்சாதனப் பெட்டியில் படம் ஒட்டிவைக்கும் சிறு காந்தமே போதும். வேலைக்குப் போகும்போது ஒன்றைப் பொக்கற்றில் போட்டுக்கொள்ளுங்கள்.