மூன்று எண்களும் ஒரு திசையும்

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடம் தஞ்சோங் டாவாய். அக்கால மாலுமிகள் ஜெராய் மலையைப் பார்த்தே இக்கரைக்கு வழி கண்டனர். இன்று என் கைப்பேசியிலுள்ள காந்தமானி எக்ஸ், ஒய், இசட் என்னும் மூன்று அச்சுகளின் அளவுகளைக் கொண்டு திசை சொல்கிறது.

படகுத்துறையில் கைப்பேசியைத் தட்டையாகப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்ப்பேன். அதன் மேல்முனை வடக்கை நோக்கும்போது ஒய் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாவைக் காட்டும். எக்ஸ் சுழியத்தை நெருங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் புவியின் காந்தப்புலம் பெரும்பாலும் தரைக்கு இணையாகவே செல்கிறது. ஆகவே, இசட் சிறிய எண்ணாகவே இருக்கும்.

படகு இயந்திரத்தின் இரும்பருகே சென்றால் மூன்று எண்களும் தடுமாறும். கரை தெரியாத இரவில் தவறான திசை மீனவரின் உயிருக்கே உலை வைக்கும். எனவே, மாணவர்களே, எண்ணை நம்புவதற்குமுன் கருவியின் அருகே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.