இழுவையும் புகையும்: நாமக்கல் பம்ப் பட்டறைகளில்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரிக்காரர்கள் ஒரு வண்டியைப் பற்றி முதலில் விசாரிப்பது இரண்டு விஷயங்கள்: இழுவை எப்படி, மைலேஜ் எப்படி. தொப்பூர் கணவாயிலும், பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி ஏறும் திம்பம் மலைப்பாதையிலும் முழு லோடோடு திணறாமல் ஏறுகிற வண்டிக்கு இங்கே தனி மரியாதை. அந்த இழுவைக்காகப் பம்ப் ஊட்டும் டீசலின் அளவைக் கூட்டிவிடுவதை 'பம்ப் ஏத்துறது' என்கிறார்கள். பம்ப் ஏற்றிய வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது புகைச் சோதனையில் மாட்டிக்கொள்கிறது. அந்த வண்டியைச் சரிசெய்து அனுப்புகிற தொழிலாளிகளைப் பார்க்கத்தான் நாமக்கல் போயிருந்தேன்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த ஊரில் லாரிக்கு வேண்டிய எல்லா வேலைக்கும் ஆள் உண்டு. பாடி கட்டுகிறவர், ஸ்பிரிங் பட்டை வேலை பார்க்கிறவர், டயர் ரீட்ரெட் செய்கிறவர், எரிவாயு டேங்கர் பழுதுபார்க்கிறவர் என்று தெருத்தெருவாகப் பட்டறைகள். அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் கதவு போட்டு, தூசி நுழையாமல் மூடி வைத்திருக்கிற சின்ன அறைதான் பம்ப் கேலிபரேஷன் பட்டறை. மற்ற பட்டறைகளில் சுத்தியல் சத்தம் கேட்கும். இங்கே மோட்டார் சுழலும் ஓசையும் டீசல் வாடையும் மட்டும்தான்.

நான் போன நேரத்தில் 2014 மாடல் பத்துச் சக்கர லாரி ஒன்று வாசலில் நின்றது. அது பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் புகை விதியின் மூன்றாம் கட்டம்) வண்டி. புகைச் சோதனையில் அளவு தாண்டியதால் எஃப்.சி. நின்றுபோயிருந்தது. அதன் உரிமையாளரே ஓட்டுநரும். பம்பைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் பம்ப் மெக்கானிக் முதலில் பார்த்தது ஒரு திருகை. முழு லோடுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கம்பெனி நிர்ணயித்த அளவில் அந்தத் திருகை நிறுத்தி, கம்பி கோத்து ஈய சீல் வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் சீல் இல்லை. திருகின் தலை தேய்ந்திருந்தது.

"எங்கண்ணா ஏத்துனீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வெளியூர்லதாங்க. ரிக் வண்டிக்கெல்லாம் பண்றவரு. லோடு ஏறும்போது நல்லாத்தான் இழுத்துச்சு."

"இழுத்துச்சு சரிங்ணா, டீசல் எவ்வளவு குடிச்சுது?"

உரிமையாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இந்தப் பேச்சின் பின்னால் இருப்பது டீசல் எஞ்சினின் அடிப்படை. பெட்ரோல் எஞ்சினில் காற்றையும் அளந்துதான் உள்ளே விடுவார்கள். பழைய டீசல் எஞ்சினில் காற்றுக்குக் கதவே கிடையாது. இழுக்கிற காற்று முழுவதும் உள்ளே போகும். வலுவைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவு மட்டுமே. இருக்கிற காற்று எரிக்கக்கூடிய அளவுக்குமேல் டீசலை ஊட்டினால், விறகை நெருக்கித் திணித்த அடுப்பு மாதிரி, முழுதாக எரியாமல் கரியாக வெளியேறும். அதுதான் கறுப்புப் புகை. டர்போ இருந்தால் கூடுதல் காற்று கிடைக்கும். ஆனால் டர்போவைச் சுழற்றுவதே எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுதான் என்பதால், ஆக்சிலேட்டரை மிதித்த கணத்தில் டீசல் முந்திக்கொள்ளும், காற்று பிந்தி வரும். அந்த இடைவெளியில் டீசலை மட்டுப்படுத்தத்தான் பம்பின் தலையில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு சிறு அமைப்பு இருக்கிறது. பம்ப் ஏற்றுகிறவர்கள் முதலில் கைவைப்பது முழு லோடு திருகிலும் இந்த அமைப்பிலும்தான்.

புகைச் சோதனை பிடிப்பதும் அதே கணத்தைத்தான். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக முழுக்க மிதித்து விடுவார்கள். புகைக்குழாயில் செருகிய குழல் வழியாகப் புகை மீட்டருக்குள் போகும். ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியை உணரும் கருவி. இடையில் வந்த புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதே கணக்கு. ஒளியில் நூற்றுக்கு 65 பங்கு மறைந்தால் 65 ஹார்ட்ரிட்ஜ். பி.எஸ்.4க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு அதுதான் உச்ச வரம்பு. பி.எஸ்.4 வண்டிகளுக்கு 50. பழைய வண்டிகளுக்குப் புகைச் சான்று ஆறு மாதம் செல்லும், பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஓராண்டு. எட்டு வயதைத் தாண்டிய லாரிக்கு எஃப்.சி.யும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

மெக்கானிக் பம்பைப் பிரிக்கத் தொடங்கினார். ஆறு சிலிண்டருக்கு ஆறு எலிமென்ட். ஒவ்வொன்றும் ஒரு பிளஞ்சரும் அது ஓடுகிற பேரலும் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் போடவே கூடாது. கழுவி, டீசலில் நனைத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைப் பாதி வெளியே இழுத்து விட்டார். அது தன் எடையால் மெதுவாக, ஒரே சீராக உள்ளே இறங்கியது. அடுத்ததை விட்டார், சரக்கென்று விழுந்தது. "இது தேஞ்சுபோச்சுங்க. பிரஷர் நிக்காது" என்று ஓரமாக வைத்தார். மூன்றாவது பாதியில் நின்றுகொண்டது. அதில் அழுக்கோ கீறலோ இருக்கும் என்று மறுபடி கழுவப் போட்டார். மைக்ரான் கணக்கை இவர் விரல்கள் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்கின்றன. பல ஆண்டுகள் இதே மேசையில் நின்று படித்த படிப்பு அது.

எலிமென்ட் மாற்றிய பம்ப் கேலிபரேஷன் பெஞ்சில் ஏறியது. மோட்டார் பம்பைச் சுழற்ற, ஆறு குழாய்களிலிருந்தும் ஆறு கண்ணாடிக் குழல்களில் எண்ணெய் பீய்ச்சியது. குறித்த எண்ணிக்கை ஸ்ட்ரோக் முடிந்ததும் தானாக நின்றது. நுரை அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து, குழலின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தார். நாலாவது குழலில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தது. அந்த எலிமென்டின் கிளாம்பைத் தளர்த்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பி, இறுக்கி, மறுபடி ஓடவிட்டார். மட்டம் ஒன்றாகிற வரை இதுவே வேலை. ஆறும் சமமில்லாவிட்டால் ஒரு சிலிண்டர் புகையைக் கக்கும், இன்னொன்று பட்டினி கிடக்கும். மொத்த அளவு சரியாக இருந்தும் வண்டி சோதனையில் தோற்பது இதனால்தான்.

பிறகு முழு லோடு அளவைக் கம்பெனி அட்டவணைப்படி நிறுத்தினார். காற்றழுத்த அமைப்புக்குக் குழாய் மாட்டி, அழுத்தம் ஏற ஏற டீசல் எப்படிக் கூடுகிறது என்று பார்த்து அதையும் சீராக்கினார். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த வேகத்தில் டீசலை வெட்டுகிறது என்று பார்த்தார். கடைசியாகப் புதுக் கம்பி கோத்து ஈய சீலை நசுக்கினார்.

பக்கத்து மேசையில் ஓர் இளைஞர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை அழுத்தினால் அழுத்தமானி முள் ஏறி, குறித்த அளவில் கர்ரென்று அதிர்ந்து, டீசல் பனிபோலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் அந்த நாசில் ஆகாது. நான் நன்றாகப் பார்க்கக் கிட்டே போனதும், "கையை வெச்சிராதீங்க சார், தோலுக்குள்ள போயிரும்" என்று பதறினார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் ஊசி போல் தோலைத் துளைத்து உள்ளே பரவும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். அவர் கையில் கையுறை இல்லை. அந்த டீசல் பனியை உறிஞ்சி வெளியேற்ற அறையில் விசிறியும் இல்லை. பனியோடு, சோதிக்க ஓடவிடும் வண்டிகளின் புகையும் சேர்கிறது. டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஊரின் புகையைக் குறைக்கிற இவர்களே அதை அருகில் நின்று சுவாசிக்கிறார்கள்.

பம்ப் வண்டியில் ஏறியதும் வேலை முடியவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து மாற்றச் சொன்னார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் சோப்பு நீர் தடவி, குமிழி வந்த இடத்தில் கிளாம்பை மாற்றினார். டேப்பெட் இடைவெளியையும் பம்ப் டைமிங்கையும் சரிபார்த்தார். "டீசலைக் குறைக்கறது பாதி வேலைங்க. காத்தைக் கொண்டாந்து சேர்க்கறதுதான் மீதி" என்றார்.

"இழுவை போயிருமுங்களே?" என்று உரிமையாளர் தயங்கிக் கேட்டார்.

"புகையாப் போற டீசல் வண்டியத் தள்றதில்லைங்ணா. ஏத்தி வெச்சா கொஞ்ச நாள் இழுக்கும். அப்பறம் சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் போயிரும். அந்தச் செலவுல எத்தனை டிரிப் போகும்?"

சோதனை மையத்தில் மறுபடி மிதித்தார்கள். முன்பு 80ஐத் தாண்டிக் காட்டிய மீட்டர் இப்போது நாற்பதுகளில் நின்றது. உரிமையாளரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

எல்லா வண்டியும் இந்த வழியில் தேறுவதில்லை. எஃப்.சி.க்கு முதல் நாள் திருகை இறக்கி, சான்று வாங்கிய மறுநாள் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து, டர்போவுக்கு நேரம் கொடுத்து, குறைந்த அளவு வாங்குகிற மையங்கள் உண்டு. வண்டியே வராமல் சான்று கிடைக்கிற இடங்களும் உண்டு. சட்டம் மென்மையானதல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும்; உரிமம் வைத்திருக்க மூன்று மாதம் தடை. சான்று பொய்யாக இருக்கும்வரை அந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் திருகு இல்லை. ஏற்றுகிற ஆள் லேப்டாப்போடு வருகிறார். யூரியாக் கரைசல் செலவை மிச்சப்படுத்த அந்த அமைப்பையே மென்பொருளில் முடக்கச் சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரைசல் குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடை. அது கண்ணுக்குத் தெரியாத வாயு. நம் புகை மீட்டரோ ஒளியை மறைக்கும் கரியை மட்டும் அளக்கிறது. ஆகவே முடக்கிய வண்டியும் சோதனையில் தேறிவிடும். இந்த ஓட்டையை அடைக்காமல் பி.எஸ்.6க்குக் கொடுத்த விலைக்குப் பலன் வராது.

லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே பம்பையும் நாசிலையும் பெஞ்சில் ஏற்றிப் பாருங்கள்; சீலை யாரும் அறுக்க விடாதீர்கள். அரசுக்கும் ஒன்று. இந்த மெக்கானிக்குகளுக்கு முறையான பயிற்சியும் சான்றும் கொடுங்கள். பட்டறைக்குப் புகை வெளியேற்றியும் கையுறையும் கட்டாயமாக்குங்கள். சோதனை மையங்களில் நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். மீட்டர் பொய் சொல்லாத நாளில் பம்ப் ஏற்றுகிற தொழில் தானே படுத்துவிடும். பெஞ்சில் நின்று நேர்மையாக அளக்கிறவர்களுக்கு வேலை பெருகும்.