மாரித்தவளைக்கு மறுத்த இடம்

கனடாவில் வாழும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே, பேர்லிங்டன் நகரின் கிங் வீதியில் ஒரு பகுதியை 2012 முதல் ஒவ்வோர் இளவேனிலிலும் மூன்று வாரமளவில் மூடிவிடுகிறார்களாம். ஜெபர்சன் சலமாண்டர் வீதியைக் கடக்க வேண்டுமாம். பல்லியின் வடிவும் தவளையின் உறவும் கொண்ட சிற்றுயிர் அது.

ஆண்டின் பெரும்பகுதியைக் காட்டு மண்ணுக்குள் கழிக்கும் அவ்வுயிர், பனி உருகி மழை பெய்யும் இரவுகளில் வெளிப்பட்டு, குட்டைகளைத் தேடிச் சென்று முட்டையிடுகிறது. கோடையில் வற்றும் குட்டையில் மீன் வாழாது. ஆகவே குஞ்சுகள் பிழைக்கின்றன. காடு, குட்டை, இடைவழி ஆகிய மூன்றில் ஒன்று அழிந்தாலும் இனம் அழியும்.

இலங்கையில் சலமாண்டர் இல்லை. ஆயினும் எங்கள் மாரித்தவளையின் வாழ்வும் ஏறக்குறைய அதுவே. கோடை முழுவதும் மண்ணுள் ஒடுங்கியிருக்கும் நுணல், ஐப்பசி மழை விழுந்ததும் மேலெழும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில் குளங்களும் வயற்பள்ளங்களுமே அதன் பேற்றிடம். அவைதாம் மழைநீரைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறக்கி நம் கிணறுகளையும் ஊறச் செய்பவை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலம். அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகை சுருங்கியிருந்தது. தம் ஒழுங்கை அருகிலுள்ள குளத்தில் இடிபாடு கொட்டுகிறார்கள், தவளைச் சத்தம் ஓய்ந்துவிட்டது, அடுத்தது கிணறுதான் என்று ஒரு கமக்காரர் கடிதம் எழுதியிருந்தார். மரணச் செய்திகளுக்கே இடம் போதாதபோது தவளைக்கு இடமேது என்று அதை ஒதுக்கி வைத்தவன் நான். அன்று அது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் 2009இல் போர் முடிந்த பின்னரும் நான் அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சென்ற கார்த்திகையில் அங்கே போனேன். குளமிருந்த இடத்தில் மதிலும் மாடிவீடும் நின்றன. நல்ல மழை, ஒரு தவளைக் குரலும் இல்லை. அயற்கிணற்று நீர் உவர்த்துவிட்டதென்றார் ஒரு மூதாட்டி.

இலங்கையில் பல தவளையினங்கள் அற்றுப்போயின. 1853இல் கெலார்ட் விவரித்த ஓரினமும் அற்றதாகவே கருதப்பட்டது. 2009இல் சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் கண்டார்கள். காடு எஞ்சியிருந்தது; தவளையும் எஞ்சியிருந்தது. தூர்த்த குளத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

ஊரில் வளவு வாங்க எண்ணும் புலம்பெயர் உறவுகளே, அது குளத்து நிலமா என்று அயலவரிடம் ஒருமுறை கேளுங்கள்.