முதல் பிடி யாருக்கு?

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்தவுடன், களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். இதைப் ‘பிடியரிசி’ என்போம். மாதம் முடிந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில், “எல்லாரும் சாப்பிட்டு, மாசக் கடைசியிலே மிச்சம் இருக்கிற அரிசியைக் கொடுத்தா என்ன அத்தை?” என்று கேட்டேன். “மிஞ்சினதைப் போடறதுக்குத் தனிக் கலயம் எதுக்கும்மா? முதல் பிடி ஆண்டவருக்கு. அப்புறந்தான் நமக்கு” என்றார் என் மாமியார். அன்றைக்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன் அர்த்தம் விளங்கப் பதினெட்டு வருஷம் ஆயிற்று!

எங்கள் பக்கத்துச் சபைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், மறு வருஷமே திண்டுக்கல்லிலும் ஊழியம் தொடங்கினார்கள். பிற்பாடு அந்த மிஷனில் ‘வேதாகம ஸ்திரீகள்’ என்று சிலர் இருந்தார்கள். வீடு வீடாகப் போய், வெளியே வராத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்; வேதம் வாசித்துக் காட்டுவார்கள். அத்தையின் பாட்டி அப்படி ஊழியம் செய்தவராம். அதனால் அத்தைக்கும் வேதம் வாசிப்பது என்றால் உயிர்.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டு வயசில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. எழுத்தெல்லாம் மங்கிப்போனது. சாயங்காலம் விளக்குப் போட்டதும், “ஒரு சங்கீதம் வாசிச்சுட்டுப் போயேன் கண்ணு” என்பார்.

“இதோ வந்துடறேன் அத்தை” என்பேன். வரமாட்டேன். நான் அப்போது பெண்கள் ஐக்கிய சங்கக் காரியதரிசி. திங்கள் கணக்கு, புதன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடற்குழுப் பயிற்சி. போதாததற்கு அறுப்பின் பண்டிகை வேறு. விளைச்சலின் முதல் பலனைக் கோயிலில் படைத்துப் பிறகு ஏலம் விடும் நாள் அது. சிறுமலை வாழைத்தார், நிலக்கோட்டைப் பூ, ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, ஆடு, கோழி எல்லாம் வந்து குவியும். பலகாரக் கடை போடுவது எங்கள் பொறுப்பு. ‘எல்லாம் ஆண்டவருக்காகத்தானே செய்கிறோம்’ என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

அந்தப் பண்டிகை வாரத்தில் ஒரு நாள் கணக்கு நோட்டை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எதிர்வீட்டுச் சிறுமி, ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், நெற்றியில் திருநீறு துலங்க, அத்தை மடியோரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் பாட்டி, உங்க மருமக வாசிக்க மாட்டாங்களா?”

“அவ தங்கமான பிள்ளைடி. கோயில் வேலை நெறைய. அவளுக்கு ஏது நேரம்?”

அத்தை குறை சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். எனக்காகப் பரிந்து பேசினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் முழங்காலில் கட்டு வேறு. நாலு நாள் முன்னே படி தெரியாமல் தடுக்கி விழுந்திருந்தார். கண் ஆபரேஷனை ‘அறுப்பின் பண்டிகை முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும்’ என்று தள்ளிக்கொண்டே வந்தவள் நான்தானே!

மறுநாள் ஐயரம்மாவிடம் அழுதேவிட்டேன். அவர் சொன்னார்: “காரியதரிசி வேலைக்கு வேற ஆள் கிடைக்கும்மா. உங்க அத்தைக்கு வேற மருமக கிடையாதே.”

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள், மரியாள் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மார்த்தாள் பேரில்தான் பரிதாபம் வரும். அவளும் சமைக்காவிட்டால் விருந்தினருக்கு யார் சோறு போடுவது? இப்போது யோசித்தால், இயேசு சமையலைக் குறை சொல்லவில்லை. யாருக்காகச் சமைக்கிறோமோ அவரையே மறக்கும் அளவுக்கு வந்த பரபரப்பைத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது. சபை வேலை நல்லதுதான். ஆனால் சபை வேலையே ஆண்டவர் ஆகிவிடாது.

மிசோரத்தில் 1910இல் சபைப் பெண்கள் இதே மாதிரி ஒரு பிடி அரிசி எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது கோடிக்கணக்கில் ஊழியத்துக்கு உதவுகிறது. அத்தனையும் பெண்கள் தங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே, உலை வைக்கும் முன் எடுத்துவைத்தது!

நான் செய்த மாற்றம் பெரிசு ஒன்றுமில்லை. காரியதரிசி வேலையை இன்னொரு சகோதரியிடம் ஒப்படைத்தேன். வாரத்தில் ஒரு கூட்டம் மட்டும். காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன் கால்மணி நேரம் ஜெபம். சாயங்காலம் அத்தையோடு சங்கீதம். மிச்ச நேரந்தான் கமிட்டிக்கு.

கிறிஸ்துமஸுக்குக் காத்திராமல் அத்தையை மதுரைக்கு அழைத்துப் போனோம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரே படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அங்கேதானே இருக்கிறது. சகோதரிகளே, ‘புரை முற்றட்டும்’ என்று யாரும் காத்திருக்காதீர்கள். அது அந்தக் காலம். இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தாலே, புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். தள்ளிப்போட்டால் வயசானவர்கள் தடுக்கி விழுந்து எலும்பு முறியும் ஆபத்துதான் அதிகம்.

இப்போது அத்தையே வாசிக்கிறார். எதிர்வீட்டுச் சிறுமியும் வந்துவிடுவாள். அத்தைக்கு முன்னே அடுத்த வரியைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை! நான் அடுப்படியில் அரிசி அளந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் பிடி கலயத்தில் விழும்.