எண்மர் சென்ற யாத்திரை

தேசாந்தரம் செல்வோர் பெருங்கூட்டமாய்ச் செல்வதே சிக்கனம் என்பர். சிக்கனந்தான், ஆயினும் கலையைக் காண அவகாசம் வேண்டுமன்றோ? கம்போடியாவின் அங்கோர் வாட் ஆலயத்துக்கு நாம் எண்மராகவே சென்றோம்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த ஆலயம் அது. அதன் கீழைச் சுற்றுமண்டபச் சுவரில், ஏறத்தாழ 49 மீற்றர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பெருங்கூட்டங்கள் வழிகாட்டியின் பின்னே விரைந்து கடந்தன. நாமோ ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்ல நடந்தோம். ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவே திருமால்.

எம்முடன் வந்த மூதாட்டியார் நெடுநேரம் நின்று பார்த்தார்.

"இரண்டு பக்கமும் ஒரே பாம்பைத்தானே பிடிச்சிருக்கினம், தம்பி. ஒரு பக்கம் கைவிட்டால் அமிர்தம் வருமோ?"

இக்கதையை வகுப்பில் பல்லாண்டு சொல்லிவந்த எமக்கு அது புதுப்பாடம். ஒருவர் நின்றால் எழுவர் காத்திருக்கலாம், நாற்பதின்மர் காத்திரார்.