மேகத்துக்குள் ஒரு மலை

ஏற்காட்டில் லேடீஸ் ஸீட் பாறை மீது நின்றால் காலடியில் சேலம் நகரம் பொம்மைக் கொலு மாதிரி தெரியும். பார்த்துக் கொண்டிருக்கும்போதே மேகம் ஒன்று ஏறி வரும். அவ்வளவுதான்! சேலமும் இல்லை, பக்கத்தில் நிற்கும் மனைவியும் இல்லை! நடந்து வந்தவருக்கு இது உல்லாசம். மணிக்கு 150 மைலுக்கு மேல் பறந்து வருகிறவருக்கு?

சேர்வராயன் மலை 5,300 அடி உயரம். தென்மேற்கே, நீலகிரியில் கோத்தகிரி வட்டாரம் இதையும் மிஞ்சியது. 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, பம்பாயிலிருந்து கோயம்புத்தூர் நோக்கி வந்த ஏர் இந்தியா டகோட்டா விமானம் அங்கேதான் மலையில் மோதிற்று. இருந்த 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

வழிக்கணிப்பில் பிழை என்று காரணம் பதிவாயிற்று. சொல்ல எளிதுதான். கோவை விமானத் தளம் ஏறக்குறைய 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கேயிருந்து வருகிறவருக்கு நீலகிரி குறுக்குச் சுவர். சுவரைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணிச் சில நிமிஷம் முன்னதாக இறங்கினால் போதும்.

அந்நாளில் கறுப்புப் பெட்டி ஏது? இத்தகைய விபத்துக்களில் துப்புத் துலக்குகிறவர்கள் சிதைவையே படித்தாக வேண்டும். இஞ்சின் ஓடிக்கொண்டே மோதியிருந்தால் விசிறியின் தகடுகள் ஒரு தினுசாக வளைந்திருக்கும். நின்றபின் மோதியிருந்தால் வேறு தினுசு. விமானம் எந்தச் சாய்வில் வந்தது என்பதை முறிந்த மரங்கள் சொல்லும்.

மாண்டவர்களில் அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆப்ரஹாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்திய அரசின் அழைப்பில் புள்ளியியல் பற்றிச் சொற்பொழிவாற்ற வந்தவர், வயது 48. இரண்டாவது உலக யுத்தத்தில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை வைத்து இவர் போட்ட கணக்கு பிரசித்தம். ஓட்டை விழுந்த இடத்துக்குக் கவசம் போடத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே அடி பட்டும் விமானம் வீடு வந்து சேர்ந்துவிட்டதே! திரும்பாத விமானங்களுக்கு எங்கே அடி பட்டிருக்கும் என்று கேட்டவர் வால்ட். அப்பேர்ப்பட்டவர் ஏறிய விமானமும் திரும்பவில்லை.

1971 டிசம்பர் 9-ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதிற்று. சிலர் உயிர் தப்பினர். மலை நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கருவி 1970-களில்தான் பிரயாணி விமானங்களில் பரவியது. இன்று, சேர்வராயன் மலைக்கு மேற்கே காமலாபுரத்தில் இறங்க வரும் விமானிக்கு, மேகம் மறைத்த மலை முன்னாலுள்ள திரையில் வர்ணமாகத் தெரிகிறது.