வைரம் யாருக்குச் சொந்தம் பாஸ்?

நான் திருச்சிப் பையன். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுற சக்கரச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அதனால வைரம்னு பேச்சு வந்தாலே காது நீளும். மெட்டீரியல்ஸ் கிளாஸ்ல அதோட கடினத்தன்மை 10-னு சொல்லிக்கொடுத்தாங்க. எனக்குக் குடைஞ்ச கேள்வி வேற... வைரம் தோண்டுற நாட்டுல இருக்குறவங்க நல்லா இருக்காங்களா?

தேடினப்போ ரெண்டு நாடு மாட்டுச்சு. ரெண்டுமே ஆப்பிரிக்கா.

முதல்ல சியரா லியோன். அங்கே ஆத்து மணல்லயே வைரம் கிடைக்கும். மண்வெட்டியும் சல்லடையும் போதும். யார் கையில துப்பாக்கியோ, அவங்க கையில வைரம்! 1991-லிருந்து 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குத் தீனி போட்டதே இந்தக் கற்கள்தான்.

அடுத்து போட்ஸ்வானா. 1966-ல் சுதந்திரம் வாங்கினப்போ மொத்த நாட்டுக்கும் தார் ரோடு 12 கிலோமீட்டர், பட்டதாரிகள் 22 பேர். நம்ம கிளாஸ்ல பாதிகூட இல்லை! அடுத்த வருஷமே ஒராபாவில் வைரம் கிடைச்சுது. அது முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனத்து மக்கள் வாழ்ற பகுதி. 'எங்க மண்ணு, எங்க வைரம்'னு மடக்கியிருக்கலாம். ஆனா, கனிமம் எந்த இனத்துக்கும் இல்லை, நாட்டுக்குத்தான்னு 1967-லயே சட்டம் போட்டாங்க. டீ பியர்ஸோடு சேர்ந்த சுரங்கக் கம்பெனியில் 15 சதவிகிதமா இருந்த அரசுப் பங்கு, 1975-ல் சரிபாதி ஆச்சு. அந்தக் காசு ரோடாச்சு, பள்ளிக்கூடமாச்சு, ஆஸ்பத்திரியாச்சு.

எல்லாமே நல்ல மனசுதான்னு சொல்ல முடியாது. ஒராபா வைரம் எரிமலைப் பாறைக்குள்ள இருக்கு. தோண்ட பெரிய மெஷின் வேணும், வேலி போட்டுக் காவல் காக்கலாம். மண்வெட்டியோட யாரும் நுழைய முடியாது.

அதுக்காக அது சொர்க்கமும் இல்லை. கலஹாரி காப்பகத்துல தலைமுறையா வாழ்ந்த சான் பழங்குடிகளை 1997-லும் 2002-லும் அரசு வெளியேத்துச்சு. அது சட்டவிரோதம்னு 2006-ல் ஹைகோர்ட் சொல்ல வேண்டி வந்துச்சு. 'நாட்டுக்குச் சொந்தம்'னு சொல்றப்போ அந்த நாட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னும் பார்க்கணும்ல? போதாததுக்கு, லேப்ல வளர்க்குற வைரம் வந்து விலை சரிய, வைரத்தையே நம்பின கஜானா இப்போ தள்ளாடுது.

நாளைக்கு நம்மள்ல சிலர் சுரங்கக் கம்பெனி இன்டர்வியூவில் உட்காருவோம். 'பேக்கேஜ் எவ்ளோ சார்?'னு தாராளமா கேளுங்க. கூடவே, 'உள்ளூர்க்காரங்களுக்கு எவ்ளோ?'ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க, மக்களே!